மலர் டீச்சரோடு ஆஸ்பத்திரிக்குப் போன நெல் மூட்டைகள்

மலர் டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி, பாடசாலைக் காலைக்கூட்டத்தில் பிள்ளைகள் தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போது வந்தது. அதிபர் என் காதருகே சொல்லிவிட்டு நகர்ந்தார். பாட்டு முடியும்வரை கைகூப்பியபடியே நின்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சித்தாண்டியில் எங்களோடு கணிதம் படிப்பித்தவர், ஐம்பது வயதைக்கூட எட்டாதவர். முதுகெலும்பில் புற்றுநோய்.

அவரோடு வேலைசெய்த உங்களுக்கு அவருடைய பிடிவாதத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஓட்டமாவடியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது.

டீச்சர் வீட்டுப் பழைய வேகன் காரின் பின்பக்க ஸ்பிரிங்குகள் இறங்கிப் போயிருந்தன. அந்தக் கார்தான் அவரை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வயல் வட்டையில் விளைந்த நெல்லை மூட்டை மூட்டையாக ஏற்றி வந்ததும் அதே கார்தான். புதிய ஸ்பிரிங் வாங்க ஓட்டமாவடிக்கு அவரும் கணவர் யோகன் அண்ணனும் புறப்பட்டபோது துணைக்கு நானும் போனேன். முஸ்லிம் கடைக்காரரை அங்கே எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு சோடி ஸ்பிரிங்குகளை மேசையில் வைத்தார்.

“இது சொப்டானது, ஆள் போக வரச் சொகமா இரிக்கும். மத்தது பாரத்துக்கு. வெறும் காரா ஓடினா குலுக்கி எடுத்திரும் டீச்சர்.”

யோகன் அண்ணன் முதல் சோடியில் கைவைத்தார். “இதைத் தாங்க காக்கா.”

“வேணாம். பாரத்துக்குள்ளதத் தாங்க,” என்றார் மலர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்களுக்கென்ன விசரா டீச்சர்? முதுகு இரிக்கிற நிலைக்கு இதிலயா போகப்போறீங்க?”

“நான் இதில எத்தின நாளைக்குப் போகப்போறன்? நெல்லு ஒவ்வொரு போகமும் வரும். என்ட மகளுக்கு அதுதான் சோறு.”

காக்கா தலையைக் குனிந்துகொண்டார். யோகன் அண்ணன் கடையை விட்டு வெளியே போய் றோட்டோரம் நின்றார். பாரத்துக்கான சோடிதான் காரில் ஏறியது.

அடுத்த ஆஸ்பத்திரிப் பயணத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீடு திரும்பியதும் யோகன் அண்ணன் நெல் மூட்டைகளைத் தூக்கிவந்து காரின் பின்னால் அடுக்கினார். பாரம் ஏறியதும் ஸ்பிரிங் அடங்கியது, குலுக்கலும் குறைந்தது. அதன்பிறகு மலர் டீச்சர் எப்போதும் நெல்லோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். ஒருநாள் வாசல் காவலாளி எட்டிப் பார்த்து, “ஆஸ்பத்திரிக்கு என்னத்துக்கு நெல்லு?” என்று கேட்டார்.

“எனக்குத் துணைக்கு வருகுது தம்பி,” என்று சொல்லிவிட்டு மலர் சிரித்தார். நான் கேட்ட அவருடைய கடைசிச் சிரிப்பு அதுதான்.

செத்தவீடு முடிந்த பின்னேரம் யோகன் அண்ணன் மூட்டைகளை இறக்கினார். உதவப் போனவர்களைக் கிட்ட விடவில்லை. கடைசி மூட்டையும் இறங்கியபோது காரின் பின்பக்கம் எழும்பி நின்றது. அவர் அதைப் பார்த்தபடியே வெறும் நிலத்தில் இருந்துவிட்டார்.

இருட்டுவதற்கு முன் என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். வழி நெடுக வெறும் கார் தூக்கித் தூக்கிப் போட்டது. “மெதுவாப் போகவா தங்கச்சி?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்த போகம் அந்தக் கார் நெல் ஏற்றும். மலர் தெரிந்தெடுத்தது சரிதான். அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது, அன்று என் முதுகு வாங்கிய அந்தக் குலுக்கல் ஒன்றுதான்.