செவலைக்கு வெட்டாத குழி

எங்கள் கறுப்பு நாய் செத்தபோது மகளுக்கு நாலு வயது. குழந்தைகளிடம் சாவை மறைக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் அவளைத் தோப்புக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். கணவர் ஒரு தென்னைக்கு அடியில் குழி வெட்டி, நாயைப் பழைய வேட்டியில் சுற்றி இறக்கி, மேலே உப்பைக் கொட்டி மண்ணைத் தள்ளினார். எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் நாயென்றாலும் கன்றென்றாலும் புதைப்பது தென்னைக்கு அடியில்தான். "இனி அது எந்திரிக்காது" என்று தெளிவாகச் சொன்னேன். மகள் தலையாட்டினாள். அழுதது நான்தான். கல்யாணமாகி வந்த வாரம் நான் வைத்த சாம்பாரை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டது இந்த வீட்டில் கறுப்பு ஒன்றுதான். குழந்தை முன்னால் அழலாமா என்று பிறகு தேடிப் படித்தேன். இரண்டு விதமாகவும் எழுதியிருந்தார்கள்.

இரண்டு நாய்களில் மீதி இருப்பது செவலை. பத்து வயதுக்கு மேலாகிறது. பகலெல்லாம் தூங்கும். வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் அதைத் தாண்டிப் போவேன்.

போன வருஷம் மழைக்கு முன்னால் தென்னைகளுக்கு எரு வைக்க வேண்டியிருந்தது. மரத்தடியில் குழி எடுத்து, எருவும் உப்பும் போட்டு மூடுவது எப்போதும் நடப்பதுதான். கணவர் மண்வெட்டியும் உப்பு மூட்டையுமாகப் போனார். அரை மணி நேரத்தில் மகளையும் காணோம், செவலையையும் காணோம்.

முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். இரண்டு முறை. பிறகுதான் குளியலறை உள்பக்கம் தாழிட்டிருப்பது தெரிந்தது.

"கதவத் தெற கண்ணு."

"மாட்டேன். அப்பா குழி வெட்டறாங்க."

கணவரைக் கூப்பிட்டேன். மண்வெட்டியோடு வந்தார். அதை வைத்துவிட்டு வந்திருக்கலாம். மகள் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள்.

"செவல சாகவே இல்ல. அதுக்குள்ள ஏனுங்கப்பா குழி?"

"அது தென்னைக்குங்க சாமி. எரு வெக்கறதுக்கு."

"அன்னைக்கும் தென்ன மரத்துக்கிட்டத்தான் வெட்டுனீங்க. உப்பும் போட்டீங்க."

கணவர் என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் காட்டோணும்னது நீதான புள்ள. இப்ப நீயே சொல்லு."

"செவலைக்கு ஒன்னும் ஆகாது கண்ணு" என்றேன். சொன்னதும் அது பொய்யாகப் பட்டது. "இப்போதைக்கு ஆகாது" என்று திருத்தினேன். உள்ளே அழுகை தொடங்கியது.

கடைசியில், குழிக்குள் எருதான் போடப் போகிறார், நீயே வந்து பார் என்று பேசி வெளியே வரவைத்தேன். செவலையின் காதைப் பிடித்துக்கொண்டே தோப்புக்கு வந்தாள். எருக்கூடையைக் காட்ட நான் வாயைத் திறப்பதற்குள் செவலை காதை விடுவித்துக்கொண்டு நேராகக் குழியில் இறங்கியது. இரண்டு சுற்றுச் சுற்றியது. ஈர மண்ணில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. வெயிலில் அதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மகள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். குழியையும், அதில் நாயையும், மேலே உப்பு மூட்டையோடு என் கணவரையும் பார்த்தார்.

"ஏனுங்க, உசுரோட இருக்குதுங்களே" என்றார்.

"தெரியுமுங்க" என்றார் கணவர். உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். "இதுக்கு அடுத்த வருசம் வெச்சுக்கலாம்."

மகள் குழி விளிம்பில் உட்கார்ந்து, செவலையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று எனக்கு நினைவில்லை. இருந்தும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.