மீன் ஐஸும் நிமோனியா ஊசியும்

தடுப்பூசிப் பெட்டியைத் திறந்தேன். மருந்துக் குப்பிகள் உடைத்த ஐஸுக்குள் புதைந்து கிடந்தன.

"எவன் பார்த்த வேலை இது?"

"நான்தான் நர்சம்மா," என்று மூர்த்தி பெருமையாக முன்னால் வந்தான். "நீங்க குழந்தைக்கு எடை பாக்கப் போனீங்கோ. உங்க ஐஸ்பேக்கு உருகிக்கினு இருந்துச்சு. மருந்து கெட்டுப்பூடுமேன்னு படகுல மீனுக்குப் போடுற ஐஸ ஒரு பக்கெட்டு கொட்னேன்."

பழவேற்காட்டு ஏரியோரக் குப்பம் அது. கிராம சுகாதாரச் செவிலியராக எனக்குக் கடைசி வருஷம். மீன்பிடிக்கிற இந்த மூர்த்தியின் மூத்த மகள் நிமோனியாவில் விலா ஒடுங்க மூச்சு வாங்கி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். அப்படியிருந்தும், இளையவளுக்கு ஆறாவது வார நிமோனியா ஊசியில் ஒருநாள் காய்ச்சலடித்ததற்கு, "ஊசின்னு இந்தப் பக்கம் வந்தீங்கோ, அவ்ளோதான்!" என்று இரண்டு மாதம் என்னைத் துரத்தினான். அவன் மனைவி செல்வி அழுது, நான் கத்தி, பதினாலாவது வார ஊசிக்கு அன்றுதான் சம்மதித்திருந்தான். சம்மதித்தவன் சும்மா இருக்கக் கூடாதா?

"அடப்பாவி, இந்த மருந்து சில்லுன்னு இருக்கணும், உறையக் கூடாது. உறைஞ்சா குப்பைக்குத்தான். அதுக்குத்தான் ஐஸ்பேக்கையே கொஞ்சம் உருகவிட்டு வைக்கிறோம். இது என்ன வஞ்சிரமா?"

செல்விக்கு முகம் செத்துவிட்டது. "இன்னிக்கு உட்டா இந்தாளு மறுபடி மாறிடுவாரு நர்சம்மா." எனக்கும் அதே பயம்தான்.

மூர்த்தி தலையைச் சொறிந்தான். பிறகு பைக்கை உதைத்தான். "குந்துங்க. வேற மருந்து வாங்கியாரலாம்."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இத்தனை குப்பி வீணாயிருக்கே, காரணம்னு என்னம்மா எழுதுறது?"

"பாசம்னு எழுதிக்கோங்க சார்," என்றேன்.

திரும்பி வந்ததும் மூர்த்தி பெட்டி பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணி பாட்டிலைக் கொண்டுவந்து, "கொஞ்ச நேரம் உள்ள வெச்சி எடுக்கறேன்பா," என்றார். "இது இன்னா உங்க ஊட்டு ஃபிரிட்ஜா? தொட்டுப் பாரு!" என்று எகிறினான். குழந்தைக்கு ஊசி போட்டபோது அவளைவிட இவன்தான் இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

குளிர்பதன விதியை முப்பது வருஷமாகப் பயிற்சி வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். ஐஸோடு பிழைக்கிற ஊருக்கு அதை ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே! தப்பு என்னுடையதுதான்.

ஒன்பதாவது மாத ஊசிக்கு மூர்த்தியே குழந்தையைத் தூக்கிவந்தான். அன்று என் பெட்டி மூடியில் படகுப் பெயிண்டால் எழுதியும்விட்டான்: 'மீன் ஐஸ் போடாதே'. அரசாங்கச் சொத்து என்று திட்டினேன். பணி ஓய்வு பெற்ற நாளில் பெட்டியை ஒப்படைத்தபோது, எழுத்தைச் சுரண்டிவிட்டுத் தரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.