பொருள்: மான்களை அப்புறப்படுத்தித் தரக் கோருதல்

‘சுட’ என்ற சொல் கண்ணில் பட்டால் போதும், அஸ்மத்துன்னிசாவின் விரல் தானாக அழிக்கும் விசைக்குப் போய்விடும். ‘எங்கள் நிலத்தில் மேயும் மான்களைச் சுட அனுமதி வேண்டி’ என்று கைப்பட எழுதி, நான்காய் மடித்து, சட்டைப் பையில் வைத்து வேர்வையில் நனைத்துக் கொண்டுவருவார்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, தாளை முகத்தருகே பிடித்துப் படிப்பார். படித்த கையோடு ‘மான்களை அப்புறப்படுத்தித் தரக் கோருதல்’ என்று பொருள் வரி திரையில் ஏறிவிடும். “சுடறதெல்லாம் எழுதாத நைனா. மான சுட எவனுக்கும் பர்மிட்டு தர மாட்டாங்கோ. அந்த ஒரு வார்த்தைய படிச்சிட்டு மீதிய மூடி வச்சிருவாங்கோ” என்பார். சொல்லும்போது குரலில் கோபம் இருக்காது. ஆயிரம் தடவை சொன்னதன் அலுப்பு மட்டும் இருக்கும்.

கிண்டியிலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், வனவிலங்கு மனுக்களை வாங்கும் அலுவலகம் ஒன்றுக்கு எதிரே ஜெயராமின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதில் லேமினேஷன் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒரு மேசை, ஒரு கணினி, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு விசைப்பலகை. பத்தொன்பது வருஷமாக அஸ்மத்துன்னிசாவின் இடம் அதுதான். வயது ஐம்பத்தேழு. வீடு மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். காலையில் பறக்கும் ரயிலேறி வேளச்சேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிப்பார். ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் வருவார். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முழங்காலிடம் தனியாக ஒரு மனு போட வேண்டியிருக்கிறது.

வருகிறவர்கள் பெரும்பாலும் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து நிலக்காரர்கள். காட்டை ஒட்டிக் கடலை போட்டவர்கள், தர்ப்பூசணி போட்டவர்கள். மான் வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது, பன்றி வந்து கிளறிவிட்டுப் போகிறது. பன்றிக்கு வேறு வழி, வேறு படிவம். மானுக்கு ஒரே வழிதான்: துறையே வந்து பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். உத்தரவு வருவதற்குள் கடலையும் போய்விடும், கடலை போட்டவருக்குப் பாதி உயிரும் போய்விடும். இதையெல்லாம் அஸ்மத்துன்னிசா யாருக்கும் விளக்குவதில்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மான் எத்தனை? ‘நிறைய’ என்று பதில் வரும். நிறைய என்று எழுத முடியாது, நம்பர் சொல்லுங்கள் என்பார். எழுபது என்றால் நாற்பது என்று அடிப்பார். ஐம்பதைத் தாண்டினால் அலுவலகத்துக்கு நம்பிக்கை வராது, கணக்கெடுக்க ஆள் அனுப்புகிறோம் என்பார்கள், அந்த ஆள் எப்போது வருவான் என்று படைத்தவனுக்குத்தான் தெரியும்.

மானைப் படத்தில் மட்டும் பார்த்தவர் என்று இவரை நினைத்துவிட வேண்டாம். எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் மரக்கூட்டம். மத்தியானம் ஆள் ஓய்ந்த நேரத்தில் இரண்டு புள்ளிமான்கள் சுவரிடிந்த இடத்தின் வழியாக வெளியே வந்து, டீக்கடைக் குப்பைத் தொட்டியில் மூக்கை நுழைக்கும். அந்த வழியே பைக்கில் போகிற பிள்ளைகள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும். அஸ்மத்துன்னிசா மட்டும் அட்டை ஃபைலால் மேசையைத் தட்டி விரட்டுவார். “பாக்க சோக்காத்தான் கீது. கடல போட்டவன் கண்ணால பாரு, அப்ப தெரியும்” என்று முணுமுணுத்துக்கொண்டே, அது பிளாஸ்டிக் கவரைத் தின்றுவிட்டதா என்றும் எட்டிப் பார்ப்பார்.

மனுவில் அவர் வெட்டுவது ‘சுட’ என்ற சொல்லை மட்டும் அல்ல. நிலக்காரர்களில் சிலர், நூற்றில் ஒருவர் என்று வையுங்கள், மானுக்கென்றே இடம் விட்டவர்கள். குட்டை வெட்டியிருப்பார்கள், வேலியோரம் கிளுவையும் இலந்தையும் வளர விட்டிருப்பார்கள். அதை மனுவின் முதல் பத்தியாக, பிள்ளையின் படிப்பைச் சொல்வதுபோலப் பெருமையாக எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தப் பத்தியை அஸ்மத்துன்னிசா முழுசாகத் தூக்கிவிடுவார். நீயே தண்ணீர் வைத்துக் கூப்பிட்டாய், இப்போது நீயே கூட்டம் அதிகம் என்கிறாய் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அவர் கண்ட அனுபவம். அதற்குப் பதில் ‘நிலமானது பராமரிப்பின்றித் தரிசாகக் கிடப்பதால் மான்கள் புகலிடமாகக் கொண்டுள்ளன’ என்று ஒரு வரி வைத்திருந்தார். அடித்ததை வாசித்துக் காட்டும்போது அந்த வரி வந்தால் குரலை நிறுத்தாமல் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். சொந்த நிலத்தைத் தரிசு என்று கேட்க யாருக்கும் மனசு வராது. காரியம் ஆக வேண்டும், மனசும் நோகக்கூடாது. பத்தொன்பது வருஷத்தில் அவர் கண்டுபிடித்த சாமர்த்தியம் அது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் கர்வத்தின் மேல்தான் இந்தக் கார்த்திகையில் மண் விழுந்தது. மழை விட்ட ஒரு திங்கட்கிழமை, கணுக்கால் வரை நனைந்த புடவையோடு முத்துலட்சுமி அம்மாள் வந்து நின்றார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்து அம்மாள். அறுபத்தைந்து வயது. அச்சிறுபாக்கத்துக்கு மேற்கே குன்றடியில் பதினோரு ஏக்கர். கடை பிள்ளைகள் கைக்குப் போன பிறகு வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் இருப்பார். ஆறு ஏக்கரை மானுக்கென்றே விட்டு, கோடையில் டேங்கர் லாரி வைத்துக் குட்டைக்குத் தண்ணீர் ஊற்றிய மனுஷி. மூன்று வருஷத்துக்கு முன்பு இதே மேசையில் மனு அடித்துக்கொண்டு போனவர். அந்த மனுவுக்குப் பதிலே வரவில்லை.

பையிலிருந்து அவர் எடுத்து நீட்டிய தாள் அலுவலகத்திலிருந்து வந்தது. வனவிலங்குக்கு வாழிடம் பேணுகிற நிலக்காரர்களின் மனுக்களை முதலில் எடுக்க இந்த வருஷம் ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மருமகன் ஹரி, தகவல் தெரிந்ததும் அங்கிருந்தே இணையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டார். அவர் இருக்கும் ஊரில் காட்டைப் பேணுகிற நிலக்காரருக்கு வருஷத்துக்கு இத்தனை மான் என்று சீட்டே கொடுப்பார்களாம், அவர்களே சுட்டுக்கொள்ளலாமாம். இதைக் கேட்டு அஸ்மத்துன்னிசா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். “வளத்தவங்களுக்கேவா?” என்று மட்டும் கேட்டார். தனக்குச் சுடவெல்லாம் வேண்டாம், கூட்டத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பெரிய காட்டில் விட்டால் போதும் என்றார் முத்துலட்சுமி.

குட்டை, இலந்தை, டேங்கர் தண்ணீர் எல்லாவற்றையும் ஹரி படத்தோடு எழுதியிருந்தார். பதில் இரண்டே வரி. மனுதாரரின் முந்தைய மனுவின்படி நிலம் பராமரிப்பின்றித் தரிசாகக் கிடப்பதால், வாழிடம் பேணுபவர் என்ற கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாது.

தன் வரியை அரசாங்கத் தாளில் படித்தபோது அஸ்மத்துன்னிசாவுக்குக் காது சூடேறியது. எதிரே இருந்தவர் சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பார். முத்துலட்சுமி சண்டைக்கு வரவில்லை. கண்ணாடி இல்லாமல் வந்து கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்றார். பக்கத்து நிலக்காரர் கடலை விதைப்பதற்குள் கரண்டு கம்பி இழுக்கப்போகிறாராம். போன வருஷம் இழுத்த கம்பியிலேயே மூன்று மான் செத்தது, அடுத்தது களையெடுக்க வருகிற ஒருத்தியாகவும் இருக்கலாம். இந்த வம்பே வேண்டாமென்று பிள்ளைகள் மனை போட்டு விற்பவர்களிடம் பேசி வைத்திருக்கிறார்கள். குழு வியாழக்கிழமை கூடுகிறது. அதில் உத்தரவு கிடைக்காவிட்டால் நிலம் கை மாறிவிடும், ஆறு ஏக்கரும் ஒரே நாளில் மொட்டையாகிவிடும்.

“எப்படி எழுதுனா கேப்பாவன்னு உங்களுக்குத்தாம்மா தெரியும். இன்னொண்ணு எழுதிக் குடுங்க” என்றார் முத்துலட்சுமி. அந்த நம்பிக்கைதான் அஸ்மத்துன்னிசாவை அடித்துப்போட்டது.

அன்றைக்கும் மறுநாளும் அவர் அடித்து அழித்த வரிகளுக்குக் கணக்கில்லை. முன்பு தரிசாக இருந்து பிறகு பேணப்பட்டது என்று எழுதினால் குட்டையின் வயது பொய்யாகிவிடும். தவறுதலாக நேர்ந்துவிட்டது என்றால் யார் தவறு என்று கேட்பார்கள். எப்படிச் சுற்றி வளைத்தாலும் அந்த அம்மாள் ஒன்று அப்போது பொய் சொன்னவராகிறார், இல்லாவிட்டால் இப்போது பொய் சொல்கிறவராகிறார். இத்தனை வருஷமாக எத்தனையோ பேரை எழுத்தில் காப்பாற்றிய கை, ஒரு பத்தி தேறாமல் நின்றது. டீ ஆறிப்போயிற்று. கண் எரிந்தது. பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

புதன்கிழமை காலை வந்ததும் ஒரே மூச்சில் அரைப் பக்கம் அடித்தார். அனுப்புநர் என்ற இடத்தில் முத்துலட்சுமியின் பெயர் இல்லை. மேற்படி முந்தைய மனுவில் ‘பராமரிப்பின்றித் தரிசாக’ என்ற சொற்கள் மனுதாரர் சொன்னவை அல்ல. தட்டச்சு செய்த நான் சேர்த்தவை. அவருக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வரியை வாசிக்காமல் விட்டுவிட்டேன். இப்படிக்கு, அஸ்மத்துன்னிசா.

அச்சு இயந்திரத்திலிருந்து தாளை உருவிய ஜெயராம் படித்துவிட்டு அப்படியே நின்றார். “உனுக்கு இன்னாத்துக்கு அக்கா இந்த வேல? நாளைக்கு எவன் நம்ம கடைல மனு அடிப்பான்?” என்றார். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். அஸ்மத்துன்னிசா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். சாலையில் மழைத்தண்ணீர் வடியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கடந்தார்.

மனுப் பிரிவின் கண்காணிப்பாளர் சுரேஷ்குமார் அவரை நன்றாக அறிந்தவர். ‘அஸ்மத்தம்மா அடிச்சதா, அப்ப ஒழுங்கா இருக்கும்’ என்று மனுவை மேலே அனுப்புகிற மனிதர். நாற்காலியைக் காட்டினார். அஸ்மத்துன்னிசா உட்காரவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுரேஷ்குமார் தாளை ஒரு முறை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இன்னொரு முறை படித்தார்.

“இத ஃபைல்ல வச்சா அந்தம்மா மனு நாளைக்குக் குழுவுக்குப் போயிரும். அதுல சந்தேகம் இல்ல” என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா இதே வரி இருக்கிற மத்த மனுவயெல்லாம் தேடி எடுப்பாங்க. அத்தனையும் நீங்க அடிச்சது. எத்தன இருக்கும்?”

“நெறைய” என்றார் அஸ்மத்துன்னிசா.

சுரேஷ்குமார் தாளை மேசைமேல் வைத்தார். தாளில் தேதி போடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தவர்போலச் சொன்னார். தேதி இல்லாத தாளைப் பதிவில் ஏற்ற முடியாது, சாயங்காலம் வரை தன் மேசையிலேயே கிடக்கட்டும், மனசு மாறினால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், தான் எதையும் பார்க்கவில்லை என்றார். நல்ல மனிதர். தன்னால் முடிந்த ஒரே உதவியைச் செய்தார்.

அஸ்மத்துன்னிசா கையிலிருந்த செருப்பைத் தரையில் வைத்தார். ஈரக் கையைப் புடவையில் அழுத்தித் துடைத்தார். சுரேஷ்குமாரின் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, தன் கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியை, வருஷத்தின் நான்கு இலக்கத்தோடும், நிதானமாக எழுதினார்.