பெரட்டுக்கு என் தம்பி போட்ட மார்க்கு

என் தம்பி லக்ஷ்மனுக்கு எதுவுமே பிடிக்காது. பிடிக்காததை வாய்விட்டுச் சொல்வதுதான் தன் தொழில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் உண்மையில் பார்க்கும் வேலை வேறு. செடெனாக்கில் வரிசை வரிசையாகக் கணினிகளை அடுக்கிவைத்திருக்கும் ஒரு பெரிய கட்டடத்தில், அவை சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். வாரத்தில் ஐந்து நாள் மெஷின்களுக்குக் குளிர் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூலாயில் தன் வீட்டுப் பின்னறையில் கேமரா முன்னால் உட்கார்ந்து, வீடியோ கேம்களைக் கிழித்துத் தொங்கவிடுவான். அவன் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். இங்கே தமிழில் கேம் விமர்சனம் செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். அதில் வாய் அதிகம் இவனுக்கு.

வாய் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. எங்கள் அப்பா சாம்பசிவம் அரசாங்கத்தில் தலைமை கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வழி. தேநீருக்கு மார்க்கு போடுவார், எங்கள் கையெழுத்துக்கு மார்க்கு போடுவார், விருந்தாளி போனபின் விருந்தாளிக்கும் போடுவார். ழகரம் தவறினால் ரோத்தான் பிரம்பை எடுத்துவிடுவார். லக்ஷ்மன் செல்வராணியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோது, அவர் ஏழு மார்க்கு போட்டார். "பொண்ணு நல்ல பொண்ணுதான். தமிழ்தான் தோட்டத்துத் தமிழ். அதுக்கு மூணு கொறச்சிட்டேன்" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவள் அப்போது அடுத்த அறையில் இருந்தாள்.

செல்வராணி சாஆ பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா சின்னத்தம்பி அங்கே பழக்குலை வெட்டினவர். அவள் டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். போன வருடம் ஜொகூர் பாருவில் நான்கே பேர் நடத்தும் ஒரு சின்ன கேம் கம்பெனி, தமிழ் தெரிந்தவர் தேவை என்று விளம்பரம் போட்டது. இவள் எழுதிப்போட்டாள், எடுத்துக்கொண்டார்கள். மெர்சிங்கிலிருந்து கிளம்பும் ஒரு மீன்பிடிப் படகைப் பற்றிய கேம் அது. மலாயும் ஆங்கிலமும் சீனமும் தயாராக இருந்தன. தமிழை மட்டும் பரீட்சார்த்தமாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். தமிழ் ஆட்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த கேமுக்கு அவளுக்கு முழுநேர வேலை. இல்லையென்றால் தமிழையே எடுத்துவிடுவார்கள், அவள் பழையபடி டியூஷனுக்குப் போகவேண்டியதுதான்.

மூன்று மாதம் ராப்பகலாக எழுதினாள். வீட்டில் டியூஷன் வேலை என்று சொல்லிவைத்தாள். என்னிடம் மட்டும் ஒரு நாள் கோப்பிக் கடையில் உண்மையைச் சொன்னாள்.

"அவன்கிட்ட ஏன் மறைக்கிற?" என்றேன்.

"சொன்னா பாவம் பாத்து நல்லாருக்குன்னு சொல்லிடுவாருக்கா. பாவம் பாக்காம, நான்தான்னு தெரியாம, அவரு வாயில ஒரு தடவ வரணும். முதலாளி விமர்சனத்துக்கு அவருக்குத்தான் கேமை அனுப்பப் போறாராம். நம்ம ஆளுங்கள்ல அவருக்குத்தான் கூட்டம் அதிகமாம். வீட்டுக்காரருன்னு நானும் சொல்லிக்கல."

பாவம் பார்ப்பானாம்! எட்டு வருடம் குடித்தனம் நடத்தியும் அவனைத் தெரிந்துகொள்ளாத பைத்தியக்காரி. இருந்தாலும் அவள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்து, கேமைப் பற்றி மேலே சொல்லச் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையையும் சொன்னாள். படகு கிளம்புவதற்கு முன்னால் தலைவன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட வேண்டும். அதற்கு ஒரு பட்டன். ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை. தமிழில் என்ன போடுவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாளாம். அணிவகுப்பு என்றால் பட்டாளம் மாதிரி இருக்கிறது, வருகைப்பதிவு என்றால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. கடைசியில் அவள் அப்பாவின் வார்த்தையையே போட்டுவிட்டாள்: பெரட்டு.

"எங்கப்பா முப்பத்தோரு வருசம் பெரட்டுக்கு நின்னவருக்கா. விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் களத்துல வரிசையா நிக்கணும். கிராணி பேரு கூப்புடுவாரு. இருக்கேன்யான்னு சொல்லணும். சொல்லலன்னா அன்னிக்கு வேலை இல்ல. கேம்லயும் அப்படித்தான் வச்சிருக்கேன். பட்டன அமுக்கினா ஒவ்வொருத்தனும் இருக்கேன்யா, இருக்கேன்யான்னு சொல்லுவான்." இதைச் சொல்லும்போது கோப்பியைக் குடிக்கவே மறந்துவிட்டாள்.

அந்த மாதம்தான் புதுக் கன்சோல் கடைக்கு வந்தது. லக்ஷ்மன் அதைப் பெட்டி என்றுதான் சொல்வான். வாங்கிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் பெட்டியின் தோலை உரித்தான். ஃபேன் சத்தம், தேங்காய் அரைக்கிற மிக்சி மாதிரி இருக்கிறதாம். காற்று வெளியே போகும் ஓட்டையைப் பின்பக்கம் வைத்தவன், டிவி மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடுகிற வீட்டையே பார்த்ததில்லையாம். "இந்த ஊரு வெயில்ல இத ரெண்டு மணி நேரம் போட்டா, மேல வச்சி அப்பளம் சுடலாம்" என்றான். சூட்டைப் பற்றி அவன் சொன்னால் தப்பாகாது. அவன் பிழைப்பே அதுதானே. கன்ட்ரோலருக்கு ஆறு கொடுத்தான். கையில் பிடிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் வலது பட்டன் அழுத்த அழுத்த விரல் மரத்துப்போகிறது. நான்கு கேம் போட்டால் பெட்டியில் இடம் முடிந்துவிடுகிறது, ஐந்தாவதைப் போட ஒன்றை அழிக்க வேண்டும்.

அடுத்த வாரம் துணைச் சாமான்கள். தனியாக விற்கும் சார்ஜரைக் கையில் தூக்கிக்காட்டி, "இத பெட்டியோடயே குடுக்காதவன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு எலைக்குத் தனியா காசு கேப்பான்" என்றான். ஹெட்செட் காதை நசுக்குகிறது, அரை மணி நேரத்தில் தலைவலி. அதற்கு மூன்று. நானும் வீட்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதில் முக்கால்வாசி சரியாகவே இருந்தது. அதுதான் அவனிடம் உள்ள கெடுதல். பாதி நாள் தப்பாகச் சொல்லியிருந்தால் யாரும் அவனை நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வாரம் கேம்கள். முந்தின நாள் சனிக்கிழமை எனக்குப் போன் போட்டான். ஜோக்கு எடுபடுமா என்று என்னிடம் சொல்லிப் பார்ப்பது அவன் வழக்கம்.

"மீனாக்கா, இத கேளு. ஜொகூர் பாரு பசங்க ஒரு படகு கேம் அனுப்பியிருக்கானுங்க, தமிழ்ல. அதுல ஒரு பட்டன். என்னா போட்டிருக்கான் தெரியுமா? பெரட்டு! பிரட்டுன்னு எழுதத் தெரியல. சரி, எதப் பிரட்டறது? படகையா, மீனையா? நாளைக்கு ஒரு கரண்டிய எடுத்து வச்சிக்கிட்டு, மக்களே, இதுதான் இந்தக் கேமோட கன்ட்ரோலருன்னு காட்டப் போறேன். எப்படி?"

எனக்கு அர்த்தம் தெரியும். அது யார் எழுதியது என்றும் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சிரித்தேன். ஜோக்கு நன்றாக இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அசிங்கமானது: என்ன நடக்கிறதென்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அவள் அவ்வளவு பெருமையாகச் சொன்ன வார்த்தை, அவள் சொல்லும்வரை எனக்கே தெரியாத வார்த்தை என்பது அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் உறுத்தியிருந்தது. நானும் சாம்பசிவத்தின் மகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை மெனக்கெட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். லக்ஷ்மன் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டான். நானும் செல்வராணியும் ஹாலில் டிவியில் லைவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். லைவ் சில நொடி தாமதமாக வரும். அதனால் அவன் பேசுவது முதலில் சுவர் வழியாகக் கேட்கும், பிறகு டிவியில் கேட்கும். ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை.

கார் பந்தய கேமை முதலில் எடுத்தான். மழை பெய்தால் ரோட்டில் சமையல் எண்ணெய் ஊற்றினமாதிரி இருக்கிறது என்று நான்கு கொடுத்தான். பந்து விளையாட்டுக்கு, போன வருடக் கேமுக்குப் புதுச் சட்டை மாட்டி விற்கிறான் என்று இரண்டு. பிறகு படகுக்கு வந்தான். கடலைப் பார்த்து, "பரவால்ல லா, மெர்சிங் மாதிரியே இருக்கு. படத்துக்கு ஏழு" என்றான். செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா இந்தத் தமிழ் இருக்கே!" என்று சுவர் சொன்னது. பிறகு டிவி சொன்னது.

பட்டனைக் காட்டினான். படகை, மீனை எல்லாம் சொன்னான். கமெண்டுகளில் சிரிப்பு முகங்கள் கொட்டின. நடுவில் யாரோ ஒருவர், "தம்பி, அது பெரட்டு. லாடாங்குல காலையில ஆளெடுக்கறது. எழுத்துப் பிழை இல்ல" என்று எழுதினார். லக்ஷ்மன் அதை வாசித்தான். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் ஒன்பதாயிரம் பேர் முன்னால் மூக்கு உடைபட்டால் எங்கள் வீட்டு ஆட்கள் அடங்க மாட்டார்கள்.

"அண்ணே, எஸ்டேட்டெல்லாம் வித்துத் தாமான் வீடுங்க கட்டியாச்சி. இன்னும் பெரட்டுக் களத்துலயே நிக்கறீங்களா? இது கேமு. நல்ல தமிழ்ல எழுத ஆளே கெடைக்கலயா இவனுங்களுக்கு? குலை வெட்டறவனக் கூப்பிட்டு எழுத வச்சா இப்படித்தான் இருக்கும். தமிழுக்கு முட்டை. எடுத்துருங்க. இல்லாமலே இருந்திருக்கலாம்."

செல்வராணி என் கையை விட்டுவிட்டாள். குலை வெட்டுகிறவன் என்பதை டிவி இன்னொரு தடவை சொல்லும்வரை அசையாமல் இருந்தாள்.

அப்போது பின்னறையிலிருந்து குரல் வந்தது. "ராணி! அடுப்படி மேசையில எடுத்து வச்ச கரண்டிய மறந்துட்டேன், கொண்டாந்து குடு!"

அவள் எழுந்தாள். நான் கொடுக்கிறேன் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. சமையலறைக்குப் போய்க் கரண்டியை எடுத்து, பின்னறைக் கதவைத் திறந்து, அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். டிவியில் அவள் கை மட்டும் வந்து போனது. அவன் கரண்டியால் கன்ட்ரோலரைக் கிண்டினான். அந்த வருடம் முழுக்க அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்த வீடியோத் துண்டுதான்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து அவளுக்கு ஈமெயில் வந்தது. அடுத்த அப்டேட்டில் தமிழ் இருக்காது, உழைப்புக்கு நன்றி, உங்கள் ஆட்களே இப்படிச் சொல்லும்போது எங்களால் என்ன செய்ய முடியும் என்று எழுதி, கரண்டித் துண்டையும் இணைத்திருந்தார் முதலாளி. அன்று சாயங்காலம் அவள் போனை அவன் முன்னால் வைத்தாள். நடந்ததை அவனே எனக்குப் போனில் சொன்னான்.

"நீயே சொல்லுக்கா, முன்னாடியே சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசுவேனா? எனக்கு எப்படித் தெரியும்? உன்கிட்ட சனிக்கிழமையே பெரட்டு ஜோக்க சொல்லிக் காட்டினத, நீயே விழுந்து விழுந்து சிரிச்சத அவகிட்ட சொன்னேன். அதுக்கு அப்புறம்தான் மூஞ்சி மாறிப்போச்சி."

நான் பேச்சை மாற்றினேன். "மன்னிப்பு கேட்டியா?"

"அதவிட நல்ல ஐடியா சொன்னேன். அந்த ட்ரான்ஸ்லேட்டரு என் பொண்டாட்டிதான்னு ஒரு வீடியோ போடுவோம், நீ பக்கத்துல ஒக்காரு, கொஞ்சம் அழுதாலும் பரவால்ல, பிச்சிக்கிட்டுப் போவும்னேன். நோ தேங்க்ஸ்னு சொல்லிட்டு எழுந்து போய்ட்டா."

மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகத் தைரியம் இல்லை. நான்காவது ஞாயிற்றுக்கிழமை போனேன். செல்வராணி சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஏம்ப்பா, கால் வீக்கம் கொறஞ்சிருச்சா? மாத்திரைய முழுங்குனீங்களா, இல்ல சட்டப் பையிலயே வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டதும், எல்லாம் ஆறிவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது.

லக்ஷ்மன் உள்ளே வந்து, "யாரு ராணி?" என்றான்.

"மை ஃபாதர்" என்றாள். "லன்ச் இஸ் ரெடி."

அவன் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "பாத்தியா? மூணு வாரமா வீட்ல இங்கிலீசுதான். வாயத் தொறந்தா தமிழே இல்ல. நான் சொன்னது ஒறச்சிருக்கு. நல்லாத்தான் பேசுறா, எட்டு குடுக்கலாம்." அவன் முகத்தில் உண்மையான சந்தோஷம். அந்த வீட்டில் இனி ஆயுளுக்கும் அவனிடம் ஒருத்தி தமிழில் பேசப்போவதில்லை என்பது அந்த மடையனுக்குப் புரியவில்லை.

நான் சமையலறைக்குள் போனேன். "ராணி, எப்படிம்மா இருக்க?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாத முகம். யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகச் சிரித்தாள்.

"ஐம் ஃபைன், மீனா" என்றாள். "யூ வாண்ட் டீ ஆர் காஃபி?"