ரிஜெக்ட் மேஜை

எங்கள் பல்கலைக்கழகத்தில் பூங்குழலிக்கு 'டீ மேடம்' என்று பெயர். தோல் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர் அவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் செலவில் டீயும் பஜ்ஜியும் வரவழைத்து எல்லாரையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, அந்த வாரம் நேர்ந்த தப்புகளைப் பேசச் சொல்வாள். நான் நூலகத்துக்காரி, ஆனாலும் தவறாமல் போய்விடுவேன்.

அந்த மேஜை அவள் அம்மா தந்த யோசனை. அம்மா மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போனவர். அங்கே ரிஜெக்ட் ஆன ஷூவைச் சாயங்காலம் ஒரு மேஜைமேல் வைப்பார்களாம். தைத்தவளே முன்வந்து எங்கே கை தப்பியது என்று சொல்ல வேண்டும். அந்த மேஜையருகே சூப்பர்வைசர் யாரையும் திட்டக்கூடாது. "திட்டு வுழாதுன்னு தெரிஞ்சாத்தான் தப்பு வாய்ல வரும்" என்பாராம் அம்மா.

எங்கள் இடமோ நேர் எதிர். பிரிண்டரில் சிக்கிய தாளை எடுக்கத் தெரிந்தவர்கூட அடுத்தவருக்குச் சொல்லித்தர மாட்டார். தன் மதிப்பு குறைந்துவிடுமாம். இத்தனைக்கும் வாசலில் 'அறிவே ஆற்றல்' என்று எழுதி வைத்திருக்கிறோம்!

பூங்குழலி எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தாள். "இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. அதுக்கு நான் பொறுப்பு."

அதை நம்பி முதலில் வாயைத் திறந்தவர் முனீர் அகமது. ஓய்வு பெறப்போகும் ஆய்வக உதவியாளர். "தோல் ஊற வெச்ச, சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணி ட்ரம்ல, மறதியா ஆசிட் தண்ணிய ஊத்திட்டேன்மா. அழுகுன முட்டை நாத்தத்தோட விஷ வாயு குப்னு வந்துது. ஓடி வந்துட்டேன். ஒரு நிமிஷம் நின்னிருந்தா மவுத்துதான்" என்றார். அடுத்த நாளே ஆசிட் ட்ரம்முக்குச் சிவப்பும் சுண்ணாம்பு ட்ரம்முக்கு வெள்ளையும் அடித்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முனீரே காட்டிச் சொல்வார்.

பஜ்ஜியைத் தின்ற வாய்களில் ஏதோ ஒன்று விஷயத்தை மேலே கொண்டுபோனது. முனீருக்கு மெமோ வந்தது. கடைசியாக வரவேண்டிய பதவி உயர்வும் போயிற்று.

பூங்குழலி பதிவாளரிடம் ஓடினாள். "நான் வாக்கு குடுத்திருக்கேன் சார்."

"வாக்குக் குடுக்க நீங்க யாரும்மா?" என்றார் அவர்.

திரும்பி வந்து முனீர் முன்னால் நின்று அழுதாள். "வுடும்மா, நீ இன்னா பண்ணுவே" என்றார் அவர். அவருக்குத் தேற்றத் தெரிந்தது. ஆனால் அன்றோடு புதியவர்களுக்குச் சொல்லித்தருவதை நிறுத்திக்கொண்டார். கேண்டீனில் 'நுணலும் தன் வாயால் கெடும்' என்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை டீ நிற்கவில்லை. "இந்த வாரம் எதுனா நடந்துதா?" என்று பூங்குழலி கேட்பாள். "எல்லாம் நல்லாப் போவுது மேடம்" என்பார்கள். அவள் முகம் வாடிப்போகும்.

பிறகு பழைய ட்ரம்கள் ஓட்டையாகி, அவள் லீவில் இருந்தபோது புது ட்ரம்கள் வந்தன. இரண்டும் நீலம். பெயிண்ட் அடிக்கச் சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும், பழைய கதை கிளறப்படும். ஆகவே யாரும் சொல்லவில்லை. இரண்டு பேர் மாற்றி ஊற்றிவிட்டு இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். அவர்களும் வாய் திறக்கவில்லை.

அவள் லீவு முடிந்து வருவதற்குள் மூன்றாவதாக மாற்றி ஊற்றியவர் ஆதிகேசவன். காண்ட்ராக்டில் புதிதாக வந்த துப்புரவுப் பணியாளர். மழை என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார். மதியம் கதவைத் திறந்தபோது தரையில் கிடந்தார், உயிர் இல்லை.

'யாரும் எதிர்பாராத விபத்து' என்று சுற்றறிக்கை வந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று பூங்குழலியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அதற்குள் அவள் லீவிலிருந்து திரும்பி ஒவ்வொருவராக விசாரித்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்தாள்.

நாட்றம்பள்ளியில் ஆதிகேசவனின் வீட்டுக்கு முனீரும் அவளும் நானும் போனோம். அவர் மனைவி கோவிந்தம்மாள் அழுது ஓய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இப்பிடி ஆவும்னு அங்க யாருக்குமே தெரியாதா மேடம்?"

முனீர் தலையைக் குனிந்துகொண்டார். பூங்குழலி சுற்றறிக்கையில் இருந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளோ தரையில் உட்கார்ந்து கோவிந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்மா. எங்க எல்லாருக்கும் தெரியும். அவருக்குத்தான் யாரும் சொல்லல."