சிவப்புக் கோடுகளை அணைத்தவர்

ஈப்போ ஸ்டூடியோவிலிருந்து அந்தப் படக்காரர் வேலையை விட்டுப் போனது என் மகளாலா? இன்றும் தெரியவில்லை.

நான் பீங்கான் கிண்ணங்களைத் துடைத்துக் கொடுப்பேன். ஒல்லியான அவர், மோட்டார் மேசையின் நடுவில் இரண்டு சிவப்பு லேசர் கோடுகள் வெட்டும் இடத்தில் கிண்ணத்தை வைத்துச் சுழற்றிப் படமெடுப்பார். "அப்படியே இரு லா" என்று கிண்ணத்திடம் சொல்வார். எங்களிடம் அவ்வளவுகூடப் பேசமாட்டார்.

பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒருநாள் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் லேசரை எட்டிப் பார்த்தாள். சட்டென்று அவர் அதை உள்ளங்கையால் மறைத்து அணைத்துவிட்டார்.

"கோடு இல்லாம எப்படிண்ணே வைப்பீங்க?"

"என் பழைய கண்ணு போதும்கா. பாப்பா கண்ணு புதுசு லா."

அன்றைய படங்களில் கிண்ணங்கள் நடுவிலிருந்து விலகியிருந்தன. முதலாளி கத்தினார். "மேசை ரோசாக், பாஸ்" என்று, மேசை பழுதாகிவிட்டதாகச் சொன்னார் அவர். மறுநாளிலிருந்து வரவில்லை.

இப்போது காம்பார் ஊரில் தனியாக இருக்கிறாராம். மகளோடு போய் நின்றால் மகிழ்வாரா, சங்கடப்படுவாரா? போகட்டுமா, நீங்கள் சொல்லுங்கள்.