போகியில் எரித்த ஃபைல்

இரண்டு இட்லியில் ஒன்றரையைத் தாண்ட முடியவில்லை. வயிறு கல்லாகிவிடும். கேஸ் என்றார்கள். நான்கு மாதம் கேஸ் மாத்திரை விழுங்கி எட்டுக் கிலோ இளைத்தேன். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்க வரும் பெண்கள், "ஸ்லிம் ஆயிட்டீங்களே" என்று பாராட்டினார்கள்.

பிறகு எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது). எடுத்த சதைத் துணுக்கில் புற்று. இரைப்பைப் புற்று என்று எழுதி, இரைப்பையை முழுதாக எடுக்க நாள் குறித்தார்கள்.

"வேற பெரிய வியாதி ஏதாவது வந்திருக்கா?" என்று டாக்டர் முதலிலேயே கேட்டிருந்தார். இல்லை என்றேன். பொய்.

ஏழு வருடம் முன்பு இடது மார்பில் கட்டி. கட்டியை மட்டும் எடுத்தார்கள். கதிர் சிகிச்சை, ஐந்து வருடம் மாத்திரை. மாத்திரை முடிந்தபின் வந்த போகியன்று அண்ணி என் வீட்டுக்கு வந்தார். அலமாரியில் ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்தார்.

"இந்தப் பீடைய இன்னும் வூட்ல வச்சிருக்கியா? போட்டுக் கொளுத்து. இனிமே இதப் பத்தி வாயே தொறக்காத."

கொளுத்தினேன். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். என் ஃபைலுக்கு ஒரு நகல் எடுக்கத் தோன்றவில்லை. வாயையும் திறக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் உடை மாற்றிவிட்ட நர்ஸ் தழும்பைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது?"

"பழசு."

"பழசுன்னா? போன ஜென்மத்துதா? ஒழுங்கா சொல்லுக்கா."

சொன்னேன். ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள்.

"ஃபைல் எங்கம்மா?"

"போகியில எரிச்சிட்டேன் சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். "நாளைக்கு ஆபரேஷன் இல்ல" என்றார். "வயித்துல பொறந்ததா, மார்லேர்ந்து வந்ததான்னு தெரியாம கத்தி வைக்க மாட்டேன். அங்கேர்ந்து வந்ததுன்னா, வயித்த எடுத்தும் பிரயோஜனம் இல்லம்மா."

மார்பகப் புற்று பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளைக்குப் பரவும். பால் சுரக்கும் நுண்மடல்களில் தொடங்கும் வகை, அபூர்வமாக, பல வருடம் கழித்தும் இரைப்பைக்கு வரும். நுண்ணோக்கியில் இரைப்பைப் புற்று போலவே ஏமாற்றும்.

அன்று மார்புக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியின் ஆய்வகம், என் கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருந்தது. அவர்கள் போகி கொண்டாடவில்லை, நான் பிழைத்தேன். இரண்டு துணுக்குகளையும் பக்கத்தில் வைத்து ஹார்மோன் சோதனை (புற்று எந்த ஹார்மோனில் வளர்கிறது என்று பார்ப்பது) செய்தார்கள். பதினோரு நாள். அண்ணா வரவில்லை. அண்ணி போனை எடுக்கவில்லை.

இரண்டும் ஒரே புற்று. ஆபரேஷன் ரத்து. ஹார்மோனை அடக்கும் மாத்திரை தொடங்கினார்கள். குணமாகாது, அடங்கி இருக்கும் என்றார் டாக்டர்.

உங்களுக்கும் மார்பில் வந்திருந்தால், பல்வலிக்குப் போனாலும் அதைத்தான் முதலில் சொல்லுங்கள். வெட்கமாவது மண்ணாவது.

வயிறு கொஞ்சம் இளகியிருக்கிறது. என் காலண்டர் அடுத்த ஸ்கேனோடு முடிகிறது. அதற்கு அப்பால் எதையும் யாரிடமும் பேசுவதில்லை. ஒரு கிண்ணம் தயிர்சாதம் முடிக்க முக்கால் மணி ஆகிறது. எதிரே யாரும் இல்லை. ஒவ்வொரு வாயும் இறங்கும்வரை, வயிற்றில் கை வைத்துக் காத்திருக்கிறேன்.